பாடைச் சுழி

"பல்லைப் பாத்தீங்க, குளம்பைப் பாத்தீங்க. முதுகைப் பாக்காம விலை பேசாதீங்க ஐயா," என்றான் பூமாலை.

திண்டிவனம் ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிறவன் அவன். வீட்டு வண்டிக்கு ஒரு குதிரை வேண்டுமென்று வந்திருந்த கிளியனூர் சின்னதுரை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூமாலையின் குதிரை முதுகைத் தடவிப் பார்த்தார்.

"இன்னாய்யா இருக்குது முதுகுல?"

"பாடைச் சுழிங்க. இந்தச் சுழி இருக்கற குதிரை உடையவனைத் தூக்கிடும்னு சொல்வாங்க. எனக்கு மின்னாடி வச்சிருந்த ரெண்டு பேருமே வருஷம் திரும்பறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாங்க. எனக்கு வித்த தரகன் அதைப் பத்தி வாயே தொறக்கல."

பூமாலைக்கே உயிர்பயம் வந்துவிட்டிருந்தது. வாங்கிய மூன்றாம் மாதமே டைபாய்டு; பிழைத்தது மறுபிழைப்பு. "குதிரை போகணும், இல்லன்னா நான் போறேன்" என்று பெண்டாட்டி கோவிந்தம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். சுழியைப் பற்றி மூச்சு விடாதே என்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். இந்தப் பாழும் வாய் கேட்டால்தானே? வந்தவர்களிடமெல்லாம் உண்மையைக் கக்கி நாலு பேரைத் துரத்தியாயிற்று. தெரிந்தே இன்னொருத்தன் தலையில் கட்டிவிட்டு என்ன பிழைப்பு என்பது அவன் கட்சி. இன்றைக்கும் போச்சு என்றுதான் நினைத்தான்.

சின்னதுரை சிரித்தார்.

"சுழியாவது மண்ணாங்கட்டியாவது. ஊரு ஊருக்குக் கரெண்டு வந்துக்கினு இருக்குது, நீ சுழி பாத்துக்கினு கெடக்கறியே."

பூமாலை தன் காதையே நம்பவில்லை. "நெசமாவே பயம் இல்லீங்களா?"

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உடையவன்னா யாரு? ஓட்டறவனா, வண்டியில குந்திக்கினு போறவனா?"

"ரெண்டு பேரும் இல்லீங்க. கயிறு மாத்தும்போது அதைக் கையில யாரு வாங்கறாங்களோ, அவங்கதான். மத்தவங்களை ஒண்ணும் பண்ணாது."

"நல்லாத்தான் கட்டி வச்சிருக்கீங்கய்யா கதை." சின்னதுரை மறுபடியும் சிரித்துவிட்டு, பேரம்கூடப் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தார்.

பூமாலையின் நெஞ்சுப் பாரம் இறங்கியது. நாலெழுத்து படித்த மனுஷன், தைரியசாலி. இப்படிப்பட்டவரைச் சுழி என்ன செய்துவிடும்? இனி சாமி கும்பிடும்போது இவர் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தலைக்கயிற்றை அவிழ்த்து, கிழக்கே பார்த்து நின்று, முறைப்படி இரண்டு கையாலும் நீட்டினான்.

"வாங்கிக்கங்க ஐயா. சந்தோஷமா வச்சி ஓட்டுங்க."

சின்னதுரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமர நிழலில் நின்ற கூண்டு வண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அண்ணே, எறங்கி வாங்க. நீங்கதான் கயிறு வாங்கணும்."

தலை நரைத்த மனிதர் ஒருவர் இறங்கி வந்தார். அடப்பாவி என்று பூமாலையின் நெஞ்சு பதறியது. அவன் கயிற்றைப் பின்னுக்கு இழுப்பதற்குள், பெரியவர் மேல்துண்டை ஏந்தி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாத்தியாப்பா என் தம்பியை? நஞ்சை புஞ்சை மொத்தமும் என் பேர்லதான் இருக்குது, புள்ளை இல்லாத எனக்கப்புறம் எல்லாம் அவனுக்குத்தான். அப்படியும் குதிரையை அண்ணன் கையாலதான் வாங்கணும்னு பிடிவாதமா இட்டுக்கினு வந்துட்டான்."