ஒரு சீப்பு நாட்டுப்பழம்

அருணாசலம் அண்ணாச்சியின் பழைய வீட்டைப் பேச்சியம்மாள் தவணைக்கு வாங்கிக் குடியேறி ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. விலையில் பாதி அரசு மானியம். தவணைக்கு வீடு விற்றவரிடம் உரிமம் இருக்கும்வரைதான் அது செல்லும். உரிமம் போனால் வாங்கியவர் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் வீட்டை விட வேண்டும்.

உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது இருவரும், ஆளுக்குப் பதிலாக அரசு வைத்த, கண்ணும் குரலும் உள்ள கணினித் திரைக்கு முன்னால் இருக்க வேண்டும். பேச்சியம்மாள் அண்ணாச்சியின் இப்போதைய வீட்டுக்கு வந்து, ஒரு சீப்பு நாட்டுப்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என்னத்துக்கும்மா இதெல்லாம்?"

"பெரியவுக வீட்டுக்கு வெறுங்கையோடயா வருவாக, அண்ணாச்சி?"

திரை முப்பது கேள்விகள் கேட்டது. அண்ணாச்சி ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. பிறகு அது பழத்தைப் பற்றிக் கேட்டது.

"இது ஒப்பந்தத்தில் உள்ளதா?"

"பழம்யா அது," என்று அண்ணாச்சி சிரித்தார். "பிள்ள சும்மா கொண்டாந்திருக்கா."

"வாங்கியவரிடமிருந்து ஒப்பந்தத்தில் இல்லாத பொருள் பெறப்பட்டுள்ளது. உரிமம் ரத்து. மானியத்தைத் திருப்பிச் செலுத்த அறுபது நாள் அவகாசம்."

பேச்சியம்மாள் பதறி எழுந்தாள். "அவுக கேக்கவே இல்ல! நானாத்தான் கொண்டாந்தேன்!"

"வாக்குமூலம் பதிவு செய்யப்பட்டது."

அண்ணாச்சி சீப்பை அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போயிரு தாயி. நான் ஒண்ணுகூடப் பிய்க்கல."

சான்றை அகற்றும் முயற்சி என்று திரை அதையும் குறித்துக்கொண்டது.

பேச்சியம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாய் காப்பி குடிக்கிறாயா என்று கேட்க வாயெடுத்த அண்ணாச்சி, திரையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.