கப்பலுக்கு மூச்சு

பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி இரண்டு வருடமாக இஸ்ரவேல் கட்டிய ஆறடி விண்கப்பல், கடைசி மூடியை ஒட்டிய மறுநாள் காலையில் விலாப்பக்கம் உள்வாங்கிக் கிடந்தது. ஓர் இடுக்கு விடாமல் பசை பூசியிருந்தான். அதன் ஆவி வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று தகட்டை இளக்கிக்கொண்டிருந்தது. உடனே ஓர் ஓட்டை போட வேண்டும். டிரில்லைக் கையில் எடுத்தும் மனம் வரவில்லை. ஓட்டை விழுந்த கப்பல் எந்த வானத்துக்குப் போகும்? அப்போது பக்கத்து வீட்டு ஹாஜிரா அக்கா கதவைத் தட்டினார். “தம்பி, வாடை எங்க அடுப்படி வரைக்கும் வருது. என்னத்தக் காய்ச்சுறீங்க?” அவன் கப்பலைக் காட்டி நடந்ததைச் சொன்னான். ஒடுங்கிய விலாவை அவர் சற்று நேரம் பார்த்தார். “மூச்சு முட்டுதுன்னு சொல்லுங்க. இருங்க, வர்றேன்.” திரும்பி வந்தபோது அவர் கையில் ஆஸ்துமாக்காரர்கள் வாயில் வைத்து இழுக்கும் நீல இன்ஹேலரின் வெறும் கூடு இருந்தது. “எங்க வீட்டுக்காரரோடது. அவர் மவுத்தாகிப் போன பிறகும் தூக்கிப்போட மனசு வரல. வெறும் ஓட்டையா விடாம இத வச்சுப் பாருங்க.” இஸ்ரவேல் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். கேட்காமல் வருவதை மேலிருந்து யார் அனுப்புகிறார் என்று அவனுக்குத் தெரியும். கப்பலின் பின்புறம் துளையிட்டு, கூட்டின் வாய் வெளியே தெரியும்படி பொருத்தினான். எஞ்சினுக்கென்றே வார்த்தது போல இருந்தது. அதன் முன் உள்ளங்கையை வைத்தான். ஆவி மெல்ல வந்து பட்டது. “வருதா தம்பி?” “நீங்களே பாருங்கக்கா.” ஹாஜிரா அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். வந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.