மூன்றாவது பெயர்

முகத்தைக் கோணிப்பையால் மூடி, இரண்டு கைகளிலும் முரட்டு உறை மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிய ஆளை, "வாங்க, அடுப்புப் பக்கமா உக்காருங்க" என்று டெலியா நாற்காலி இழுத்துப் போட்டு வரவேற்றாள்.

ஹாலோவீன் அன்று அந்தத் தீவில் அப்படித்தான். பொழுது சாய்ந்ததும் பெரியவர்களே வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். வேஷக்காரர் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டார் மூன்று பெயர் சொல்லிப் பார்க்கலாம். ஒன்று சரியாக இருந்தாலும் முகமூடியைக் கழற்ற வேண்டும். மூன்றும் தப்பானால் வந்தவர் வந்த மாதிரியே போய்விடலாம். அதுவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

கோணிக்குள் இருந்தது நோரீன். டெலியாவுக்கும், எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்த பெர்னிக்கும் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதி. ஆனால் அவள் விளையாட வரவில்லை.

மேஜைமேல் ஒரு நாவல் கிடந்தது. ஆண்பிள்ளைப் பெயர் ஒன்றில் ஒளிந்துகொண்டு நோரீன் எழுதியது. அதில் டெலியாவின் ரகசியத்தை அப்படியே தூக்கிப் போட்டிருந்தாள்.

முப்பது வருஷத்துக்கு முன் காதலனோடு பாஸ்டனுக்குப் போய்விடலாம் என்று பெட்டியும் கையுமாகப் படகுத்துறை வரை போனவள் டெலியா. ஏறாமல் திரும்பி வந்துவிட்டாள். பல வருஷம் கழித்து அதை நோரீனிடம் மட்டும் சொன்னாள். ஏன் திரும்பினாள் என்று மட்டும் சொல்லவில்லை. பயம்தான் என்று நோரீனே எழுதிக்கொண்டாள்.

டெலியா கண்டுபிடித்துவிட்டாளா? இது தெரியாமல் ஒரு மாதமாக நோரீனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்டுபிடித்திருந்தால் இத்தனை வருஷத்துச் சிநேகம் அதோடு சரி.

டெலியா பெர்னியின் தேநீரில் பால் ஊற்றினாள். வேஷக்காரருக்குப் பால் விடாத தேநீரில் ஒரு ஸ்ட்ராவைப் போட்டு முன்னால் நகர்த்தினாள். பயத்தில் நாக்கு வறண்டு கிடந்த நோரீன், கோணியின் ஓட்டை வழியாக ஒரே மூச்சில் பாதியை உறிஞ்சினாள். பழகிய ருசி கொஞ்சம் தெம்பு கொடுத்தது.

"உறிஞ்சுறதப் பாத்தா மீன்கார கோல்மன் மாதிரி இருக்கு" என்றாள் பெர்னி.

நோரீன் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"சரி, ஒண்ணு போச்சு. டெலியா, அந்தப் புஸ்தகம் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"முடிச்சிட்டேன்."

"நான் இன்னும் பாதியிலதான் நிக்கிறேன். பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டுத் திரும்பி வர்றா பாரு ஒருத்தி, சரியான பயந்தாங்கொள்ளி. அவ்ளோ தூரம் போனவ ஏறித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எழுதினவங்க அப்படி எழுதிட்டாங்க. அவ என்ன பண்ணுவா?"

"யாரோ டப்ளின்காரனாம். ஆம்பளைக்கு என்னடி தெரியும்."

கோணிக்குள் வேர்த்துக் கொட்டியது. சணல் நார் கன்னத்தை அறுத்தது. சொறிந்தால் கைப்பழக்கமே காட்டிக் கொடுத்துவிடும். எழுந்து ஓடவும் வழியில்லை, ஒரு வார்த்தை சொல்லி அழவும் வழியில்லை. பொறிக்குள் தானாக வந்து தலையைக் கொடுத்துவிட்டோமே என்று நோரீன் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பெர்னிக்கு அதெல்லாம் எங்கே தெரியும். "இந்தக் கோணியெல்லாம் ஒரு வேஷமா? இத்தனை வருஷத்துல உனக்கு எது ரொம்பப் பிடிச்சுது, சொல்லு. நான் பிஷப்பா வந்தேனே, அதுதானே?"

"வைக்கோல் குதிரை" என்றாள் டெலியா யோசிக்காமல். "முன்னங்கால் நான், பின்னங்கால் நோரீன். தீவு முழுக்க ஆடினோம். பாழாப்போன மழை வந்து வைக்கோலெல்லாம் ஊறிப் போச்சு."

"அதுலதானே அவளுக்கு நிமோனியா வந்துச்சு. தேறமாட்டான்னு பாதிரியாரக்கூட வரச்சொல்லிட்டாங்க. பொழைச்சதே பெரிசு." பெர்னி சிலுவை போட்டுக்கொண்டாள். "அவ ஏன் இன்னிக்கு வரல?"

"தலைவலின்னு சொல்லி அனுப்பிச்சா."

"குடுத்து வச்சவ, படுத்திருப்பா." பெர்னி வேஷக்காரர் பக்கம் திரும்பினாள். "அப்ப நீங்க போஸ்ட்மேன் ஃபெஸ்டி."

தலை மறுபடி இல்லையென்று ஆடியது.

"ரெண்டும் போச்சு. கடைசிப் பேரு உன்னுது, டெலியா. யோசிச்சுச் சொல்லு."

டெலியா பாதி காலியான கோப்பையைப் பார்த்தாள். கையுறையைப் பார்த்தாள். கோணியில் இருந்த இரண்டு கண் ஓட்டைகளையும் நேராக, நிதானமாகப் பார்த்தாள்.

"நம்ம ஹெட்மாஸ்டர்" என்றாள் டெலியா.

"அவர் ஆறடிடி. இந்த ஆளு அவரு தோளுக்குக்கூட வராது." பெர்னி விழுந்து விழுந்து சிரித்தாள். "கெடுத்தியே காரியத்த."

நோரீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தெரியவில்லை, இவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எழுந்தாள்; வழக்கப்படி இருவருக்கும் தலை வணங்கினாள்; ஓடாமல் இருக்கப் பெரும்பாடுபட்டுக் கதவை நோக்கி நடந்தாள்.

வழியனுப்ப வாசல் வரை வந்த டெலியா, பழ ரொட்டித் துண்டு ஒன்றை அவள் கையில் வைத்தாள். உள்ளே பெர்னி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். டெலியா கோணியின் காதுப் பக்கமாகக் குனிந்தாள்.

"நான் பயந்து திரும்பல, நோரீன். துறையில நின்னப்ப, பாதிரியார் உங்க வீட்டுக்கு ஓடுறதப் பாத்தேன்."