நாலாம் நாள் சாப்பாடு

என் முன்னால் ஒரு தட்டு. பழுப்புச் சோறு. மேலே, பருப்போடு மசிய வேகவைத்த ஆட்டிறைச்சி.

மாமியார் பெரின் தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடு, டிக்ரா," என்றார் ஆங்கிலத்தில். மகனே என்பதற்கு மட்டும் குஜராத்தி.

பார்சிகள் செத்த வீட்டில் மூன்று நாள் இறைச்சி தொடுவதில்லை. நாலாம் நாள் விடியலில் உயிர் பாலம் கடந்து போய்விடும். பிறகு இந்தத் தன்சாக்கைச் சமைத்துச் சாப்பிட்டுத் துக்கத்தை முடித்துக்கொள்கிறார்கள். எங்கள் சிட்னியின் பென்டில் ஹில் ரயில்கூட இவ்வளவு நேரம் தவறாமல் போனதில்லை.

இன்று நாலாம் நாள். போனது என் மனைவி டெல்னாஸ்.

மும்பையில் என்றால் உடலைக் கழுகுகளுக்கு விட்டிருப்பார்களாம். அங்கேயும் இப்போது கழுகு குறைவாம். சிட்னியில் புதைத்தோம். கழுகுக் கதையைப் பார்சிப் பூசாரி, கடையில் சரக்குத் தீர்ந்துபோனதைச் சொல்கிற குரலில் சொன்னார். வார நாட்களில் அவர் காப்புறுதி விற்கிறவர்.

அழக்கூடாது என்றும் சொன்னார். இருக்கிறவர்களின் கண்ணீர் ஆறாகப் பெருகி, போகிறவர்களை மறிக்குமாம். நான் ஒரு சொட்டும் விடவில்லை. அவள் பாதை காய்ந்துதான் கிடந்திருக்கும்.

மேசைக்கு மறுபக்கம் யோகராணி அன்ரி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் யார் செத்தாலும் முன்வரிசைக் கதிரை அவருக்கு. போன வருடம் அப்பாவின் சாவையும் அவர்தான் முன்னின்று நடத்தினார்.

"நாலாம் நாளே ஆட்டிறைச்சியோ? கலியாண வீடெண்டு நினைச்சிட்டினமாக்கும்."

பெரினுக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியத்தில், பெரினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, முப்பத்தோராம் நாள் மட்டும் செத்த ஆள் இந்த வீட்டுக்குள்ளதான் நிக்கும். அந்தியேட்டி முடியாமல் மச்சம் தொட்டிடாதை."

இரண்டு பக்கமும் படித்த சனம். முப்பத்திரண்டு வயதில் அவள் ஏன் போனாள் என்று ஒருவருக்கும் தெரியாது. எப்போது புறப்படுவாள் என்பது மட்டும் மனப்பாடம். இப்படிப்பட்ட ஆட்களை வைத்துச் சிரித்துத்தான் நானும் டெல்னாஸும் சிநேகமானோம்.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு கண்ணாடிக் குவளை விளக்கு. அவள் போன நாளிலிருந்து எரிகிறது. பார்சிகள் நெருப்பை ஊதி அணைக்க மாட்டார்கள். உயிர் போகிற நாலாம் நாள் எண்ணெய் விடாமல் விட்டுவிடுவார்கள். இன்று காலை பெரின் எண்ணெய் விடவில்லை. சுடர் அடிக்கு இறங்கியிருந்தது.

கரண்டியை எடுத்தேன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சமைக்கிற அதே மணம்.

கரண்டியை வைத்தேன்.

"எங்களுக்கு முப்பத்தொரு நாள்," என்றேன் ஆங்கிலத்தில்.

யோகராணி அன்ரியின் மூக்கிலிருந்து சேலைத் தலைப்பு இறங்கியது. "எங்கட பிள்ளையெல்லே!" என்றார். அந்த முகத்தின் வெற்றியைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்பா செத்த ஐந்தாம் நாள் நான் பொரித்த கோழி தின்றேன். ஹரிஸ் பார்க்கில், ஒரு காருக்குள், எலும்புவரை. "முப்பத்தோராம் நாள்வரைக்கும் அப்பா வீட்டுக்குள்ளேயே நிற்பாராம்" என்று வாய் நிறையக் கோழியோடு சொல்லிச் சிரித்தேன். அன்ரிக்கு இது தெரியாது.

கோழி வாங்கித் தந்தவர் பெரின். கார் அவருடையது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் தட்டை எடுத்து மூடினார். தொடாமல் கிடந்த தன் தட்டையும் மூடினார்.

பிறகு குசினிக்குப் போய் எண்ணெய்ப் போத்தலோடு வந்து, படுக்கையறைக்குள் போய், குவளையின் விளிம்புவரை ஊற்றினார்.