ஆதாரம்: நேரில் அறிந்தது

பென்சில் முனை ஒடிந்தது.

"பென்சிலா? வேற எடுத்துக்கோம்மா," என்று உள்ளறையிலிருந்து தலைமைப் பதிப்பாசிரியரின் குரல் வந்தது.

அகராதிக்காகத் தட்டச்சாகி வந்திருந்த அட்டைகளில் ஒன்று அவள் கையில் இருந்தது. அதில் யாரோ அவள் வாழ்க்கையை ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்.

'அம்பலப்படுத்து: மறைத்துவைத்த ஒன்றை, குறிப்பாக ஒருவர் உண்மையில் யார் என்பதை, பலரும் அறியும்படி வெளிப்படுத்து. எடுத்துக்காட்டு: இறந்துபோன உடன்பிறப்பின் சான்றிதழைக் காட்டி வேலையில் சேர்ந்தவர், யாராவது தன்னை அம்பலப்படுத்திவிடுவார்களோ என்று தினமும் பயந்துகொண்டே அலுவலகம் வந்தார்.'

கீழே, ஆதாரம் என்ற இடத்தில் பத்திரிகையின் பெயரோ புத்தகத்தின் பெயரோ இல்லை. 'நேரில் அறிந்தது' என்று மட்டும் இருந்தது.

இந்த அகராதியில் எடுத்துக்காட்டைக் கற்பனையாக எழுதக் கூடாது. எங்காவது அச்சானதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். பதிப்பாசிரியர் வகுத்த விதி அது. அவரே ஒருநாளும் மீறியதில்லை.

அவளுடைய அக்கா காய்ச்சலில் இறந்தபோது, அக்காவுக்கு வேலைக்கான உத்தரவு வீட்டுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அக்கா படித்த புத்தகங்களையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து இவளும் படித்திருந்தாள், தேர்வு மட்டும்தான் எழுதவில்லை. பதினொரு வருடம் ஓடிவிட்டது. கணவன் கூப்பிடுவது அக்காவின் பெயரைச் சொல்லித்தான். மகளின் பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் அம்மா பெயர் அதுதான். தூக்கத்தில் கூப்பிட்டால்கூட இப்போது அந்தப் பெயருக்குத்தான் விழிக்கிறாள்.

அட்டையை எடுத்துக்கொண்டு டைப்பிஸ்ட் அக்காவிடம் போனாள். "இதை யாரு எழுதிக் கொடுத்தாங்க, அக்கா?"

"ஏன், எழுத்துப்பிழையா?"

"இல்ல. சும்மாதான்."

"சாரே கைப்பட எழுதிக் கொடுத்தாரு. அடிக்கும்போதே எனக்குத் திக்குன்னு இருந்துச்சு. நம்ம ஆபீஸ்ல யாரும்மா அந்தத் திருட்டுப் பூனை?" டைப்பிஸ்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தாள். "நீயா?"

அவளும் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

"சந்தேகம்னா உள்ள போய்க் கேளேன். பக்கத்துல நின்னு பேசு. தபால்காரர் தினமும் வாசல்ல நின்னு சார் பேரைச் சொல்லிக் கத்துறாரு, மனுஷன் நிமிர்றதே இல்ல. அந்தக் காதுக்கு மூணு நினைவூட்டல் கடிதம் போனாத்தான் பதில் வரும்."

உள்ளறையில் பதிப்பாசிரியர் அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அலமாரி பாதி காலியாகிவிட்டது.

"இந்த வாக்கியம் வேண்டாம் சார்."

"ஏன், பொருள் பொருந்தலையா?"

"பொருந்துது சார். அதனாலதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. தெரிந்துகொண்டே இத்தனை நாள் 'வாம்மா போம்மா' என்று பேசியிருக்கிறார். போகிற நேரத்தில் அச்சில் ஏற்றிவிட்டுப் போகப்போகிறார்.

"என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். அக்கா செத்துட்டா, வீட்ல வேற யாரும் சம்பாதிக்கல. சர்டிபிகேட் அவளோடது. ஆனா பதினோரு வருஷமா பார்த்த வேலை என்னோடது. என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவ அம்மா யாருன்னு அவ இதைப் படிச்சுத்தானா தெரிஞ்சுக்கணும்?"

பதிப்பாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா," என்றார்.

"சார்?"

"இப்ப நீ சொல்ற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். யாரும் கேட்காமல், யாரும் மிரட்டாமல், தன் வாயாலேயே எல்லாவற்றையும் கொட்டியாகிவிட்டது.

"அப்போ... நேரில் அறிந்ததுன்னு போட்டிருக்கீங்களே. கற்பனையா எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"கற்பனை இல்ல." அவர் அட்டையை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார். "முப்பத்திரண்டு வருஷம் அகராதிக்கு உழைச்சாச்சு. ஒரு வரியாவது உண்மையா எழுதிட்டுப் போகலாம்னு தோணுச்சு. பொடி எழுத்து, யார் படிக்கப்போறாங்க?"

அவளுக்குப் புரியவில்லை. அதற்குள் வாசலில் தபால்காரர் பதிவுத் தபாலோடு வந்து நின்று பதிப்பாசிரியரின் பெயரை உரக்கக் கூப்பிட்டார்.

அவர் அசையவில்லை. தபால்காரர் மறுபடியும் கூப்பிட்டார். அப்போதும் அசையவில்லை.

"சார்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களைத்தான் கூப்பிடுறாங்க."

"என்னை இல்லம்மா. எங்க அண்ணனை."