அசல் யாரிடம்?

"அந்த எக்ஸ்ரேயோட அசல் உங்கிட்டதானே இருக்கு? யார்கிட்டயும் கொடுத்துடலையே?"

உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே மாமனார் கேட்ட முதல் கேள்வி இதுதான். கணவனை விட்டு அவள் இந்த ஒற்றை அறைக்குக் குடி வந்து மூன்று வாரம் ஆகிறது. முகவரியைத் தன் வக்கீலைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. இவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"என் வக்கீலம்மாகிட்ட இருக்கு மாமா" என்றாள். பொய். படம் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருந்தது.

எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. ஒருநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வேலைக்குப் போய், வீங்கியிருந்த தன் மணிக்கட்டைத் தானே படம் எடுத்துப் பார்த்தாள். எலும்பில் மயிரிழை போல் ஒரு கோடு. தேதியும் நேரமும் பதிந்த அந்தப் படம் ஒன்றுதான் கணவனுக்கு எதிராக அவளிடம் இருந்த ஆதாரம். அதன் நகலை வைத்துத்தான் வழக்குப் போட்டிருந்தாள்.

மாமனார் சாதாரண ஆள் இல்லை. நாற்பது வருடமாக வக்கீல். கட்சிக்காரன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தால் கேஸ் கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். கோர்ட்டில் அவருக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் அவளுடைய அப்பா, மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் பெண்ணைக் கொடுத்தார்.

ஆனாலும் பிள்ளை பிள்ளைதானே.

மாமனார் விடவில்லை. முதல் அடி எப்போது விழுந்தது, அக்கம்பக்கத்தில் யாருக்குத் தெரியும், அடித்த மறுநாள் அவன் எப்படி நடந்துகொள்வான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் பட்டும் படாமலும் பதில் சொன்னாள். கிளம்பப் போனவர் திரும்பி நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பானா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். தன் வக்கீலிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. அப்படியானால் மகன் ஒன்று விடாமல் அப்பாவிடம் ஒப்பித்திருக்கிறான். இருவரும் சேர்ந்து வழக்கை உடைக்கத் தயாராகிறார்கள்.

கதவைச் சாத்தினாள். அன்று மாலையே எக்ஸ்ரேயைத் தன்னோடு வேலை செய்யும் தோழியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவளுடைய வக்கீலம்மா ஒரு காலத்தில் மாமனாரிடம் ஜூனியராக இருந்தவர். அது இதுவரை அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மாமனார் வந்துபோனதைச் சொன்னபோது, வக்கீலம்மா கையிலிருந்த காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அவர் மறுபடி வந்தா கதவைத் திற. மத்ததை எங்கிட்ட விடு" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, பஸ் ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். கோர்ட் எதிரே ஜெராக்ஸ் கடையில் மாமனாரும் வக்கீலம்மாவும் தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமனார் நீட்டிய பழுப்பு உறையை வக்கீலம்மா கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவள் மாமியாருக்குப் போன் செய்தாள். மாமியார் எண்ணிப் பேசுகிறவர். மாமனார் எதற்காக இப்படி அலைகிறார் என்று கேட்டாள்.

"அவரைப் பத்தி எங்கிட்ட எதுவும் கேக்காதேம்மா. என்னால சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

குடும்பமே ஒன்றாக நிற்கிறது என்பது உறுதியானது. வக்கீலை மாற்றவும் நேரமில்லை. மறுநாள் விசாரணை.

எக்ஸ்ரேயைத் திரும்ப வாங்கித் தன் பையிலேயே வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். கணவன் மடிப்புக் கலையாத சட்டையில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மாமனார் உள்ளே வந்ததும் எழுந்து தன் பக்கத்தில் இடம் ஒதுக்கினான். அவர் அங்கே உட்காரவில்லை. கறுப்புக் கோட்டும் போட்டிருக்கவில்லை. கடைசி பெஞ்சில் மாமியார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

வக்கீலம்மா எழுந்து, தங்கள் தரப்பு முதல் சாட்சியை அழைப்பதாகச் சொன்னார். மாமனார் நடந்துபோய்க் கூண்டில் ஏறினார்.

அவள் திகைத்துப்போய் வக்கீலம்மாவைப் பார்த்தாள். "வாக்குமூலத்தை உறையில போட்டு எங்கிட்ட கொடுத்துட்டார். முன்னாடியே தெரிஞ்சா அவரை நம்பாம நீ தடுத்துடுவேன்னு, அவர்தான் சொல்ல வேண்டாம்னார்" என்று வக்கீலம்மா காதோடு முணுமுணுத்தார்.

மாமனார் நிதானமாகப் பேசினார். மருமகளின் கை வீங்கியிருந்ததைத் தான் பார்த்ததைச் சொன்னார். கை ஓங்கியது உண்மைதான் என்று மகன் தன்னிடம் ஒப்புக்கொண்ட நாளைத் தேதியோடு சொன்னார். கணவனின் கால் மெல்லக் கீழே இறங்கியது.

அவனுடைய வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். இவரைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டவர்தான் அவரும். குரலில் மரியாதை குறையவில்லை.

"ஐயா, உங்களைப் பார்த்து நேர்மைன்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டவங்க நாங்க. உங்க பையன் மேல இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது. வெளியில யாரையும் கைநீட்டி அடிச்சதில்லை. உங்க வீட்டுல, உங்க கண் முன்னால வளர்ந்த பிள்ளை. அப்படிப்பட்டவர் பொண்டாட்டியை அடிக்க எங்கேதான் கத்துக்கிட்டிருக்க முடியும்?"

மாமனார் வக்கீலைப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தார். மாமியார் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

"எங்கிட்டதாங்க. விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து, நான் அவன் அம்மாவை அடிக்கிறதைப் பார்த்துத்தான் அவன் வளர்ந்தான்."