சண்டிக்குதிரை

குதிரை மறுபடியும் நின்றுவிட்டது.

அதன் மேல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், நடுத்தெருவில் பெட்ரோல் தீர்ந்த ஸ்கூட்டரை உதைப்பவரைப் போலக் குதிகாலால் இரண்டு உதை விட்டார். குதிரை காதை மட்டும் அசைத்தது.

நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் எங்களுக்குக் குதிரையை விற்ற பெண்மணி நின்றிருந்தார். சிறுவர்களுக்குச் சவாரி சொல்லிக்கொடுக்கிறவர். அவரை நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

ஒரே ஒரு சுற்று. மைதானத்தை நிற்காமல் ஒருமுறை சுற்றி வந்துவிட்டால் குதிரை எங்களோடு இருக்கும். இல்லையென்றால் இப்போதே அந்த அம்மாவோடு திரும்பிப் போய்விடும். நான் போட்ட நிபந்தனை. என் வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதிலிருந்து இவர் லாயத்தைவிட்டு வெளியே வரவில்லை. குதிரை போய்விடுமோ என்று அவ்வளவு கவலை.

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்கள். இவருக்கு அதிர்ஷ்டம் கழுதைக்கு ஒரு படி மேலேயே அமைந்திருந்தது.

வேலையில் இருந்த காலமெல்லாம் கம்பெனி கம்பெனியாகப் போய் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். ஒற்றுமையாக உழைப்பது எப்படி, கோபத்தை அடக்குவது எப்படி, காலையில் சிரித்த முகத்தோடு வருவது எப்படி. ஓய்வு பெற்ற பிறகு பயிற்சி கொடுக்க வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். நான் திருந்துகிற ரகம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குதிரை வாங்கினார்.

முதலில் அது சமர்த்தாகத்தான் நடந்தது. பெருமை முழுவதையும் இவரே எடுத்துக்கொண்டார்.

இந்த வாரம்தான் சண்டித்தனம் ஆரம்பித்தது. அது மட்டும் குதிரையின் குற்றம்.

உடனே பயிற்சி தீவிரமானது. கேரட்டைக் காட்டி ஊக்கப்படுத்தினார். கேரட்டை ஒளித்துவைத்துக் கண்டித்தார். கண்ணோடு கண் பார்த்துப் பேசினால் எல்லாம் சரியாகும் என்றார். குதிரைக்குக் கண்கள் ஆளுக்கொரு பக்கம் இருப்பதால், ஒரு கண்ணோடு பேசி முடித்துவிட்டு, சுற்றிப் போய் மற்றதோடும் அதையே பேசினார். அது இரண்டு முறையும் பொறுமையாகக் கேட்டது. அந்தக் கம்பெனி ஊழியர்களும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள், பாவம்.

மைதானத்தில் குதிரை நாலடி நகர்ந்தது. நின்றது.

தரை மேடாக இருக்கிறது என்றார் இவர். பிறகு, சேணம் சரியில்லை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். இன்றோடு சாணி அள்ளுகிற வேலை ஒழிந்தது.

குதிரைக்காரம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்தார்.

“சின்னப் பிள்ளைங்க ஏறிப் பழகின குதிரைங்க இது. மேல இருக்கறவங்க ஒரு பக்கமா சரிஞ்சா நின்னுடும். அவங்க நேரா உக்கார்ற வரைக்கும் ஒரு அடி எடுத்து வைக்காது.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் நிமிர்ந்து உட்காரச் சொல்லிக்கொடுத்த மனுஷன். இதைச் சொந்தக்காரர்களிடம் எப்படிச் சொல்லிச் சிரிப்பது என்று அங்கேயே ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

“என்னங்க, கொஞ்சம் நேரா உக்காருங்க.”

“நேராத்தானே உக்காந்திருக்கேன்.”

வீம்புக்குச் சொல்லவில்லை. வீம்புக்குச் சொன்னால் அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிஜமாகவே நேராக இருப்பதாக நம்பிச் சொன்னார்.

பின்னாலிருந்து பார்த்தேன். ஒரு பக்கத்து ஆணி கழன்ற படத்தைப் போல இடது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தார்.

வேலிக் கதவைத் திறந்துகொண்டு போனேன். குட்டையான குதிரை, அவர் இடுப்பு என் தோளுக்கு நேராக இருந்தது. இரண்டு கையையும் கொடுத்துத் தள்ளினேன். அவர் கொஞ்சம்கூட ஒத்தாசை செய்யவில்லை. பாரம் முழுவதும் என் கைக்கு வந்தது.

அவர் நிமிர்ந்த அந்த நொடியே குதிரை நடந்தது.

கையை எடுத்தேன். அவர் சரிந்தார். குதிரை நின்றது. மறுபடி தள்ளினேன். நடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வாரம் முழுக்க இவர் இடது காலில் செருப்பு தங்கவே இல்லை. வாசலுக்கும் லாயத்துக்கும் நடுவில் கழன்று கழன்று கிடந்தது. மாப்பிள்ளைக்குச் செருப்பு எடுத்துக் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்து, கிண்டலும் செய்திருந்தேன்.

“பாத்தியா, வழிக்கு வந்துடுச்சு” என்றார் அவர், மேலிருந்து, பரம சந்தோஷமாக.

வலது கையைத் தூக்கிக் குதிரைக்காரம்மாவுக்கு ஆட்டிக் காட்டினார். இடது கை தொடையின் மேல் கிடந்தது. கடிவாளம் அதிலிருந்து நழுவிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

“ஆமாங்க, வந்துடுச்சு. இனிமே இது இங்கயே இருக்கட்டும்” என்றேன். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, “அக்கா, வண்டியை எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றேன்.

குதிரைக்காரம்மா வண்டிக்கு ஓடினார்.

குதிரை பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது. இவரைக் கீழே இறக்க வேண்டும். அதற்கு அது நிற்க வேண்டும்.

கையைத் தளர்த்தினேன். அவர் அப்படியே என் தோளில் சரிந்தார்.

குதிரை உடனே நின்றது.